பெண்டா ஊசி போட்ட தொடையில் ஒரு வருடமாகக் கட்டியும் அரிப்பும்: அடுத்த பூஸ்டரைப் போடலாமா?

முக்கூடல் அம்மா:

எங்களுக்கு முக்கூடல். மகளுக்கு ஒரு வயது ஏழு மாதம் நடக்கிறது. ஒன்றரை மாதம், இரண்டரை மாதம், மூன்றரை மாதம் என்று மூன்று பெண்டா ஊசியையும் (ஐந்து நோய்களுக்குச் சேர்த்துப் போடுகிற ஒரே ஊசி) புதன்கிழமைகளில் பால்வாடியில் வைத்து எங்கள் நர்ஸ் அக்காதான் போட்டார்கள். ஒவ்வொரு தடவையும் அரை மணி நேரம் உட்கார வைத்துத்தான் அனுப்பினார்கள். அன்று ராத்திரி காய்ச்சல் வரும், பாரசிட்டமால் சொட்டு கொடுத்தால் மறுநாள் சரியாகிவிடும். அதனால் இவளுக்கு ஊசி ஒத்துக்கொண்டது என்றே நினைத்திருந்தேன்.

ஆறாவது மாதத்தில் ஒரு நாள், மாமியார் காலை நீட்டி அவளைக் குப்புறப் போட்டு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். "இங்கன ஒரு கெட்டி இருக்கே" என்று என் விரலைப் பிடித்து அந்த இடத்தில் வைத்தார்கள். இடது தொடை, முன்பக்கமாகச் சற்று வெளியே. புளியங்கொட்டை அளவு, அதே வழவழப்பு. அமுக்கினால் விரலுக்கடியில் கொஞ்சம் நகர்ந்தது. சூடு இல்லை, சிவப்பு இல்லை, பிள்ளை அழவும் இல்லை. ஊசிக்கட்டி தானாகக் கரையும் என்று விட்டுவிட்டோம்.

கரையவில்லை. ஒன்பதாம் மாத ஊசி போட்டு இரண்டு மாதம் கழித்து வலது தொடையிலும் சின்னதாக ஒன்று தட்டுப்பட்டது. இப்போது இரண்டும் இருக்கின்றன. இடது கட்டிமேல் தோல் மட்டும் காப்பி நிறமாகிவிட்டது. அந்த வட்டத்துக்குள் மெல்லிய கறுப்பு முடி முளைத்திருக்கிறது. தொடையில் வேறு எங்கும் அப்படி இல்லை.

அரிப்புதான் பெரிய பாடு. எப்போதும் இருக்காது. சளி பிடித்தால் மூக்கு ஒழுக ஆரம்பித்த மறுநாளே சொறியத் தொடங்கிவிடுவாள். தூக்கத்திலேயே கை அங்கே போய்விடும். நகத்தை ஒட்ட வெட்டிவிட்டேன், அப்படியும் காலையில் பார்த்தால் துணியில் ரத்தப்பொட்டு. சளி விட்டால் அரிப்பும் விட்டுவிடும். இந்த ஐப்பசி மழையில் மூன்று தடவை இப்படி ஆகிவிட்டது.

ஒரு கிளினிக்கில் சீழ்க்கட்டி என்று ஐந்து நாள் மருந்து கொடுத்தார்கள், ஒன்றும் ஆகவில்லை. இன்னொரு இடத்தில் கொழுப்புக்கட்டி, வேண்டுமென்றால் கீறி எடுத்துவிடலாம் என்றார்கள். கேட்டதும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். மாமியார் படிகாரத்தைத் தண்ணீர் விட்டு உரசி, சொறிந்த இடத்தில் பற்றுப் போடுகிறார்கள். போட்ட அன்று ஆறுகிற மாதிரி தெரியும், அப்புறம் அந்த இடம் சொரசொரவென்று ஆகிறது.

இப்போது பூஸ்டர் போட வேண்டிய நேரம். நர்ஸ் அக்கா இரண்டு தடவை வீட்டுக்கே வந்து கூப்பிட்டுவிட்டார்கள். நான் இரண்டு புதன்கிழமையும் போகவில்லை. சொந்தக்காரர்கள் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். ஊசி போட்ட அரை மணி நேரத்துக்குள் வருவதுதானே அலர்ஜி? இரண்டு மூன்று மாதம் கழித்து வருவதும் அலர்ஜியா? இப்படி ஒரு பிள்ளையை யாராவது வளர்த்திருக்கிறீர்களா? பூஸ்டர் போட்டால் இன்னொரு கட்டி வருமா, இல்லை அதைவிடப் பெரிதாக ஏதாவது வருமா? தயவுசெய்து தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

வள்ளியூர் அப்பா:

தங்கச்சி, கட்டியைப் பற்றி எனக்கு அனுபவம் இல்லை. ஆனால் தாமதமாக வருவது எல்லாமே அலர்ஜி என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். என் மகனுக்கு எம்ஆர் (தட்டம்மை, ரூபெல்லா) ஊசி போட்டு ஒன்பதாம் நாள் காய்ச்சலும் முதுகெல்லாம் சின்னச் சின்னச் சிவப்புப் பொரியும் வந்தது. ஊசி ஒத்துக்கொள்ளவில்லை என்று பயந்து ஓடினோம். பிள்ளைகள் டாக்டர் நாள் கணக்கைக் கேட்டார். எம்ஆர் ஊசியில் வலுக்குறைந்த தட்டம்மைக் கிருமி உயிரோடு இருக்கிறது, அது உடம்புக்குள் பெருகி 7 முதல் 12 நாளில் இப்படிப் பொரி காட்டும், அலர்ஜி இல்லை என்றார். இரண்டு நாளில் போய்விட்டது. இரண்டாவது எம்ஆரும் போட்டாகிவிட்டது. எந்த ஊசி, எந்தக் காலில், எத்தனை நாள் கழித்து என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு டாக்டரிடம் போங்கள். பாதி விடை அதிலேயே இருக்கும்.

பாளை அம்மா:

நீங்கள் எழுதியதைப் படித்ததும் என் மகனின் கால் கண்முன்னே வந்தது. காப்பி நிறம், வட்டத்துக்குள் முடி, சளி வந்தால் அரிப்பு, மூன்றும் அப்படியே அவனுக்கும் இருந்தது. இப்போது ஏழு வயது. கட்டியைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

எங்களுக்கும் பெயர் கிடைக்க ஒன்றரை வருடம் ஆனது. கடைசியில் ஒரு தோல் டாக்டர் அமுக்கிப் பார்த்துவிட்டு, "ஊசி இங்கேதானே போட்டார்கள்? சளி பிடித்தால் அரிக்கிறதா?" என்று அவரே கேட்டார். நான் சொல்வதற்கு முன்னாலேயே கேட்டதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. தடுப்பூசியில் சேர்க்கும் அலுமினிய உப்புக்கு உண்டாகும் தாமத ஒவ்வாமை என்றார்.

உடனே வரும் அலர்ஜி வேறு, இது வேறு. அது சில நிமிடங்களில் ரத்தத்தில் உள்ள எதிர்ப்பொருளால் வருவது: தடிப்பு, மூச்சுத் திணறல், மயக்கம். அதற்காகத்தான் அரை மணி நேரம் உட்கார வைக்கிறார்கள். சுமார் பத்து லட்சம் டோஸில் ஒன்று என்கிற அளவுக்கு அரிது. இதில் வேலை செய்வது வெள்ளை அணுக்களில் ஒரு வகையான டி செல்கள். அவை மெதுவாகத்தான் கிளம்பும். ஊசி போட்ட இடத்தில் தங்கியிருக்கும் உப்பைச் சுற்றி வேலி கட்டுகிற மாதிரி கூடிவிடும். அந்த வேலிதான் நம் விரலில் தட்டுப்படும் கட்டி. அதனால்தான் வாரக்கணக்கிலோ மாதக்கணக்கிலோ கழித்து வருகிறது. கவரிங் கம்மல் போட்டால் சிலருக்குக் காது புண்ணாகிறதே, அதே இனம். அது மூச்சை அடைக்கிற அலர்ஜியாக மாறுவதில்லை.

சோதனையைப் பற்றியும் சொல்கிறேன், ஏனென்றால் அங்கேதான் எங்களுக்கு உறுதியானது. முதுகில் சின்னச் சின்னக் கிண்ணங்களில் மருந்து வைத்து ஒட்டிவிடுவார்கள். இரண்டு நாள் முதுகு நனையக்கூடாது, வேர்க்கக்கூடாது. நம் ஊர் வெயிலுக்கு அது நடக்காது என்று மார்கழிவரை காத்திருந்தோம். இரண்டு நாள் கழித்துப் பிரித்தால் எல்லாக் கிண்ணமும் இருந்த இடத்தில் வட்ட வட்டமாகச் சிவந்திருந்தது. மருந்தே வைக்காத வெறும் கிண்ணத்துக்கு அடியிலும் அதே வட்டம். எனக்குத் தலை சுற்றியது, பிள்ளைக்கு உலகத்தில் எதுவுமே ஆகாதோ என்று. டாக்டர்தான் கிண்ணத்தைத் திருப்பிக் காட்டினார். அந்தக் கிண்ணமே அலுமினியம். மறுபடி பிளாஸ்டிக் கிண்ணத்தில் வைத்தபோது அலுமினிய உப்பு வைத்த இடம் மட்டும் தடித்தது, அதுவும் ஏழாம் நாள் பார்க்கும்போதுதான் நன்றாகத் தெரிந்தது.

ஸ்வீடனில் கோத்தன்பர்க் என்ற ஊர்ப் பக்கம் இதை நிறையப் பார்த்திருக்கிறார்கள். 2003-ல் வந்த ஆய்வில், ஊசி போட்ட சுமார் 76,000 பிள்ளைகளில் 645 பேருக்கு இப்படி அரிப்புக் கட்டி இருந்தது. சோதித்தவர்களில் 77 சதவீதம் பேருக்கு அலுமினிய ஒவ்வாமை. கட்டிகள் வருடக்கணக்கில் இருந்திருக்கின்றன, அதை மறைக்க மாட்டேன். ஆனால் 5 முதல் 9 வருடம் கழித்து 241 பிள்ளைகளை மறுபடி சோதித்தபோது 186 பேருக்கு ஒவ்வாமையே காணவில்லை. என்னைத் தூங்கவைத்தது இந்தக் கடைசி எண்தான்.

படிகாரத்தை இன்றைக்கே நிறுத்துங்கள். படிகாரமே ஓர் அலுமினிய உப்பு. எந்தப் பொருள் அவளுக்கு ஆகவில்லையோ அதையே புண்ணில் வைக்கிறீர்கள். சொரசொரப்பு அதனால்தானோ என்று எனக்குச் சந்தேகம். உங்கள் மாமியாரைக் குறை சொல்லவில்லை, எங்கள் வீட்டிலும் காயத்துக்கு முதலில் நினைவுக்கு வருவது அதுதான். சமையலுக்கு அலுமினியப் பாத்திரம் வைத்திருந்தால் அதைத் தூக்கி எறிய வேண்டாம். தோலில் படுவதைப் பார்த்துக்கொண்டால் போதும் என்றுதான் எங்களுக்குச் சொன்னார்கள்.

சேரன்மகாதேவி:

பாளை அக்காவிடம் ஒரு கேள்வி. கட்டியை வெட்டி எடுத்துவிட்டால் உப்பும் போய்விடும்தானே? பிள்ளை ஏன் வருடக்கணக்காகச் சொறிய வேண்டும்?

பாளை அம்மா:

நானும் இதையே கேட்டேன். தானாக வற்றிப்போகிற ஒன்றுக்காகச் சின்னப் பிள்ளைக்கு மயக்க மருந்து கொடுத்துத் தழும்பு உண்டாக்க வேண்டாம் என்றார்கள். அரிப்பு அதிகமான நாட்களுக்கு மட்டும் ஒரு ஸ்டீராய்டு களிம்பு எழுதிக் கொடுத்தார்கள். டாக்டர் சொன்ன நாளுக்கு மேல் போடக்கூடாது. இன்னொன்று, ராத்திரி அந்த இடத்தில் மெல்லிய பருத்தித் துணியைச் சுற்றிவிடுவேன். நகம் படாது.

அம்பை செவிலியர் (ஓய்வு):

மகளே, நான் 31 வருடம் கிராம சுகாதார செவிலியராக இருந்தவள். அம்பாசமுத்திரம் வட்டாரத்தில் இன்றைக்கு அப்பா அம்மாவாக இருப்பவர்கள் பலருக்கு நான்தான் ஊசி போட்டேன். இரண்டு புதன்கிழமை நீ போகவில்லை என்று எழுதியிருக்கிறாயே, அதற்காகத்தான் உடனே பதில் எழுத உட்கார்ந்தேன்.

உன் பிள்ளையின் உடம்பே பாதிப் பதிலைச் சொல்லிவிட்டது. இடது தொடையில் பெண்டா மூன்று போட்டிருக்கிறார்கள். வலது தொடையில் நிமோனியாவுக்கான பிசிவி மூன்று, கடைசி ஒன்பதாம் மாதம். இரண்டிலும் அலுமினிய உப்பு உண்டு. கட்டியும் இரண்டிலும் இருக்கிறது, மூன்று மருந்து ஏறிய இடம் ஒவ்வொன்றிலும் ஒன்று. இப்போது வலது கையைப் பார். தோலுக்குள் போட்ட போலியோ ஊசியும் எம்ஆரும் அங்கேதான் போட்டிருப்பார்கள். அவற்றில் அலுமினியம் இல்லை. கையில் கட்டி இருக்கிறதா? நீ எழுதவில்லை, இருந்திருந்தால் எழுதியிருப்பாய். இருந்தாலும் நான் செவிலியர்தான், உறுதியாகச் சொல்ல வேண்டியது தோல் டாக்டர். பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரியில் தோல் பிரிவு இருக்கிறது, தடுப்பூசி அட்டையை எடுத்துக்கொண்டு போ.

இந்த உப்பை ஏன் சேர்க்கிறார்கள் என்று உன் மாமியாருக்குச் சொல். ஆற்றில் கலங்கல் வரும்போது குடத்துத் தண்ணீரில் படிகாரத்தை நாலு சுற்றுச் சுற்றிவிட்டால் சேறெல்லாம் திரண்டு அடியில் உட்காருமே, அதே வித்தைதான். 1926-ல் இங்கிலாந்தில் கிளென்னி என்பவர் தொண்டை அடைப்பான் மருந்தில் படிகாரத்தைச் சேர்த்துத் திரளச் செய்தார். திரண்ட மருந்து உடம்பில் சீக்கிரம் கரைந்து போகாமல் போட்ட இடத்தில் தங்கியது, எதிர்ப்பும் நன்றாக வந்தது. அன்றிலிருந்து ஏறக்குறைய நூறு வருடமாக அலுமினிய உப்பு ஊசியில் இருக்கிறது.

அடுத்த தடவை போகும்போது நர்ஸிடம் குப்பியைக் கேட்டுப் பார். ஐஸ் பெட்டியிலிருந்து எடுத்ததும் மேலே தெளிந்த தண்ணீர், அடியில் வெள்ளையாக ஒரு படலம். குலுக்கினால் அரிசி கழுவிய தண்ணீர் மாதிரி ஒரே சீராகக் கலங்கும். அந்த வெள்ளைதான் உப்பு. இது உறைந்துபோகவே கூடாது. ஒரு தடவை உறைந்துவிட்டால் உப்பு திரிதிரியாகிவிடும், குலுக்கி வைத்தால் சீக்கிரமே அடியில் போய் உட்கார்ந்துவிடும். சந்தேகம் வந்தால் குலுக்கிப் பார்த்து, அப்படி இருந்தால் அந்தக் குப்பியை ஒதுக்கிவிடுவோம். எத்தனை காலை வெளிச்சத்தில் குப்பியைத் தூக்கிப் பார்த்திருப்பேன்! அப்புறம் ஊசி தசைக்குள் ஆழமாக, நேராக இறங்க வேண்டும். தோலுக்கடியில் கொழுப்பிலேயே நின்றுவிட்டால் கட்டி விழ வாய்ப்பு கூடுதல். உன் பிள்ளைக்குக் கட்டி இருப்பதை முன்னாலேயே சொன்னால், அந்த இடத்தை விட்டு விலகி ஆழமாகப் போடுவார்கள்.

பூஸ்டர் நாளில் இரண்டு ஊசி. எம்ஆர் இரண்டாவதில் அலுமினியம் கிடையாது, அதைத் தள்ளிப்போட ஒரு காரணமும் இல்லை. டிபிடி பூஸ்டரில் உண்டு. அதனால் புதிதாக ஒரு கட்டி வரலாம், வராமலும் போகலாம். வந்தாலும் இதே மாதிரி அரிக்கும், இதே மாதிரி வற்றும்.

அந்த டிபிடி எதற்கு என்பதையும் சொல்லிவிடுகிறேன். தொண்டை அடைப்பான், கக்குவான், ரணஜன்னி, மூன்றுக்கும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு வீட்டுக்குக் கூப்பிட்டார்கள். நாலு வயதுப் பையன். கழுத்து இரண்டு பக்கமும் வீங்கி, தாடையும் கழுத்தும் ஒன்றாகிவிட்டிருந்தது. வாயைத் திறக்கச் சொல்லி டார்ச் அடித்தேன். உள்நாக்கைச் சுற்றிச் சாம்பல் நிறத்தில், நனைந்த தோல்வார் ஒட்டியது போல ஒரு படலம். அந்த வாடை இன்னும் என் மூக்கில் இருக்கிறது. வாடகைக் கார் பிடித்து ஏற்றினோம், வழியிலேயே போய்விட்டான். பூஸ்டருக்கு அவன் வீட்டுக்கு நான் இரண்டு தடவை போய்க் கூப்பிட்டிருந்தேன், காய்ச்சல் வரும் என்று அனுப்பவில்லை. மூன்றாவது தடவை நான் போகவில்லை. உன் நர்ஸ் உன் வீட்டுக்கு இரண்டு தடவை வந்ததாக எழுதியிருக்கிறாய். அவள் மூன்றாவது தடவை வருவதற்குள் நீயே போய்விடு.

போனதும் இந்தக் கட்டியைத் தாய் சேய் அட்டையில் எழுதச் சொல். ஊசிக்குப் பிறகு வரும் தொந்தரவுகளைப் பதிவதும் எங்கள் வேலைதான். ஐந்து வயதில் அடுத்த டிபிடி, பத்திலும் பதினாறிலும் டிடி (ரணஜன்னிக்கும் தொண்டை அடைப்பானுக்கும்) என்று இன்னும் இருக்கிறது. அன்றைக்குப் போடுபவருக்கும் தெரிய வேண்டும்.

களக்காடு அத்தை:

என் தம்பி மகனுக்கு நியோமைசின் கலந்த களிம்பு போட்டால் தோல் பொரிந்துவிடும். எம்ஆர் ஊசியிலும் அந்த மருந்து துளி அளவு இருப்பதாகச் சொன்னார்கள். போடலாமா?

அம்பை செவிலியர் (ஓய்வு):

களிம்பு போட்ட இடத்தில் மட்டும் பொரிவது தாமத வகைதான். அதற்காக எம்ஆரை நிறுத்த வேண்டியதில்லை. ஊசி இடத்தில் ஓரிரு நாள் சின்னத் தடிப்பு வரலாம். அந்த மருந்தால் எப்போதாவது மூச்சுத் திணறலோ மயக்கமோ வந்திருந்தால் மட்டும் டாக்டரிடம் சொல்லாமல் போடக்கூடாது.

முக்கூடல் அம்மா:

எல்லோருக்கும் நன்றி. போய் வந்து எழுதலாம் என்று இத்தனை நாள் பொறுத்தேன்.

முதலில் வலது கையைத் தடவிப் பார்த்தேன். ஒன்றுமே இல்லை, வழவழவென்று இருந்தது. அம்பை அம்மா எழுதியதை மாமியாருக்கு வாசித்துக் காட்டினேன். பீடித்தட்டை மடியிலிருந்து இறக்கி வைத்துவிட்டுக் கேட்டார்கள். அந்தப் பையன் கதை வந்ததும் "போதும், வாசிக்காத" என்றார்கள். சற்று நேரம் கழித்து, படிகாரம் உரசுகிற கல்லைக் கழுவி அடுக்களைக்கு மேலே தூக்கி வைத்துவிட்டார்கள்.

ஹைகிரவுண்டில் தோல் டாக்டர் பார்த்தார்கள். ஊசி இடத்துக் கட்டி, அலுமினிய ஒவ்வாமையாகத்தான் தெரிகிறது, கீற வேண்டாம், கீறச் சொன்னால் சம்மதிக்காதே என்றார்கள். சோதனை இப்போது கட்டாயம் இல்லை, கொஞ்சம் வளரட்டும் என்றார்கள். அரிப்புக்குக் களிம்பு, அதிகம் போனால் ஐந்து நாள். பூஸ்டரைத் தள்ளிப்போடாதே என்று அட்டையிலேயே எழுதிக் கொடுத்துவிட்டார்கள்.

போன புதன்கிழமை போட்டாகிவிட்டது. நர்ஸ் அக்கா திட்டவில்லை. கட்டி இருக்கும் இடத்தை விரலால் தடவி அளந்து, அதிலிருந்து மூன்று விரல் தள்ளிப் போட்டார்கள். குப்பியைக் காட்டச் சொன்னேன். குலுக்குவதற்கு முன்னால் அடியில் அந்த வெள்ளையைப் பார்த்தேன், நகக்கண் அளவுதான் இருந்தது. அன்று ராத்திரி காய்ச்சல், இரண்டு நாள் தொடை வீங்கி நொண்டி நடந்தாள். இன்றைக்கு ஓடுகிறாள். புது இடத்தில் இதுவரை ஒன்றும் தட்டுப்படவில்லை. காலண்டரில் ஆறு வாரமும் மூன்று மாதமும் குறித்து வைத்திருக்கிறேன். அன்றைக்குத் தடவிப் பார்த்துவிட்டு, எப்படி இருந்தாலும் இங்கே வந்து எழுதுகிறேன்.